வண்டி விற்கிறீர்களா? பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

பழைய மோட்டார் சைக்கிளை விற்பது கடைக்காரருக்குச் சின்ன வியாபாரம். ஒரு குடும்பத்துக்கோ அது பெரிய காரியம்.

அந்தப் பணத்தை எதிர்பார்த்துச் சில செலவுகள் காத்திருக்கும். பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பெண்ணுக்கு வளைகாப்பு நடத்த வேண்டும். அடகுக் கடையில் இருக்கும் சங்கிலியை மீட்க வேண்டும். இப்படி ஏதோ ஒரு தேவை இருப்பதால்தான் ஓடுகிற வண்டியைப் பலர் விற்கிறார்கள்.

வண்டியை விற்பது இன்று சுலபமாகிவிட்டது. செல்போனில் நாலு படம் எடுத்தால் போதும். விலையைப் போட்டு, விளம்பரத்தை ஏற்றிவிட்டால் அரை மணி நேரத்தில் டெலிபோன் அழைப்புகள் வரத் தொடங்கும்.

அப்படி அழைக்கிறவர்களில் உண்மையாக வாங்க வருகிறவர்களும் உண்டு. வண்டி வேண்டாம், விற்பவரின் பாங்கிக் கணக்கில் இருக்கும் பணம்தான் வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு.

வாங்குகிறவன் ஏமாறுவது பழைய கதை. என்ஜின் கெட்ட வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது பொருளை வைத்திருப்பவரே, பணம் வாங்க வேண்டியவரே, பணத்தைப் பறிகொடுக்கிறார்!

இது எப்படி நடக்கிறது? இதை எப்படித் தடுப்பது? ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவசரம் யாருக்கு?

முன்பு வண்டி விற்பதற்குப் பல நாள் ஆகும். மெக்கானிக் கடையில் சொல்லி வைப்போம். டீக்கடையில் சொல்லி வைப்போம். புரோக்கர் ஒருவர் ஆளை அழைத்து வருவார். வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கிக்கரை உதைப்பார். டயரை அழுத்துவார். "அடி வாங்கிய வண்டி போல இருக்கிறதே" என்று குறை சொல்வார். விலையைக் குறைப்பார். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த முறையிலும் தில்லுமுல்லு இருந்தது. புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார். ஆனால் ஒரு நன்மை இருந்தது. வாங்குகிறவரின் முகம் தெரியும். அவர் எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம் என்பது தெரியும். யோசிப்பதற்கு நேரம் கிடைக்கும்.

இப்போது அந்த நேரம் போய்விட்டது. முகம் தெரியாத ஒருவர் பேசுகிறார். ஐந்து நிமிடத்தில் விலை முடிகிறது. பத்தாவது நிமிடம் பணப் பேச்சு வருகிறது.

மோசக்காரனுக்கு வேண்டியது இந்த அவசரம்தான். நல்ல மனிதருக்கு இந்த அவசரம் இருக்காது. 40 ஆயிரம், 50 ஆயிரம் கொடுத்து வாங்குகிறவர் வண்டியைப் பார்க்காமல் வாங்குவாரா? ஓட்டிப் பார்க்காமல் வாங்குவாரா? பேரம் பேசாமல் இருப்பாரா?

"வண்டியைப் பார்க்க வேண்டாம், விலையைக் குறைக்க வேண்டாம், பணத்தை இப்போதே அனுப்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்.

"நான் பட்டாளத்தில் இருக்கிறேன்"

ஒரு குடும்பத் தலைவர் தம் ஸ்கூட்டரை 45 ஆயிரம் ரூபாய்க்கு விற்க விளம்பரம் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெலிபோன் வருகிறது.

"சார், வண்டி இருக்கிறதா?"

"இருக்கிறது. வந்து பாருங்கள்."

"படத்தில் பார்த்ததே போதும் சார். நான் பட்டாளத்தில் இருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை. என் ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார். முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாயை இப்போதே அனுப்பிவிடுகிறேன்."

அடுத்த நிமிடம் செல்போனுக்கு ஒரு படம் வருகிறது. ராணுவ அடையாள அட்டை! சீருடையில் ஒருவர் நிற்கிறார். நாட்டுக்காக எல்லையில் நிற்கிறவர் ஏமாற்றுவாரா என்று நம் ஆள் நினைக்கிறார். அந்த மரியாதையைத்தான் அவன் மூலதனமாக வைத்திருக்கிறான். அந்தப் படம் யாரோ ஒருவருடையது. சீருடைக்குள் இருப்பவருக்கே அவர் படம் இப்படிப் போவது தெரியாது.

"எங்கள் ராணுவக் கணக்கில் முறை வேறு சார். முதலில் நீங்கள் 1 ரூபாய் அனுப்புங்கள். நான் 2 ரூபாய் அனுப்புகிறேன்."

அனுப்புகிறார். உடனே 2 ரூபாய் வந்து விழுகிறது. நம்பிக்கை பிறந்துவிட்டது!

பிறகு கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வருகிறது. கடைகளில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தக் கியூ.ஆர். படம். "இதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள். 10 ஆயிரம் வந்துவிடும்" என்கிறான். திரையில் 10,000 என்று தெரிகிறது. அவர் எண்ணைப் போடுகிறார். பணம் வரவில்லை. 10 ஆயிரம் போய்விட்டது!

கதை இதோடு முடியாது. "அய்யோ சார், ஏதோ தவறாகிவிட்டது. பதறாதீர்கள். உங்கள் 10 ஆயிரத்தையும் என் 10 ஆயிரத்தையும் சேர்த்து அனுப்ப வேறு படம் தருகிறேன்" என்பான். போன பணத்தை மீட்கும் பதற்றத்தில் அவர் மறுபடியும் எண்ணைப் போடுகிறார். இந்தத் தடவை 20 ஆயிரம் போகிறது.

இது நாம் கற்பனை செய்த பயம் அல்ல. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் ரிசர்வ் பாங்கி, பொதுமக்களை எச்சரிக்க ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. பொருளை வாங்குவது போல நடித்து, தொலைதூரத்தில் வேலை பார்க்கும் ராணுவத்தினர் என்று சொல்லி, விற்பவரையே ரகசிய எண்ணைப் போட வைக்கும் மோசடி அதில் விளக்கப்பட்டிருக்கிறது.

ரகசிய எண்ணின் ரகசியம்

செல்போன் மூலம் உடனுக்குடன் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016-ம் ஆண்டு வந்தது. காய்கறி வண்டிக்காரர் முதல் நகைக்கடை வரை இன்று அதில்தான் பணம் வாங்குகிறார்கள். அது நல்ல வசதி. அதைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல.

அதில் ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பணம் போவதற்குத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வருவதற்கு ரகசிய எண் வேண்டாம்.

ரகசிய எண் என்பது நம் வீட்டுப் பீரோவின் சாவி. வெளியிலிருந்து ஒருவர் நமக்குப் பணம் கொடுப்பதற்கு நாம் ஏன் பீரோவைத் திறக்க வேண்டும்? கையை நீட்டினால் போதும் அல்லவா? சாவியைத் திருப்பு என்று அவன் சொன்னால், எடுக்க வருகிறான் என்று பொருள்.

கியூ.ஆர். படமும் அப்படித்தான். மளிகைக் கடையில் அந்தப் படத்தை ஸ்கேன் செய்கிறவர் யார்? பணம் கொடுக்கிறவர். கடைக்காரர் தம் படத்தை மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பணம் தானாக வருகிறது. வண்டி விற்பவர்தான் கடைக்காரர். படத்தை நாம் காட்ட வேண்டும். வாங்குகிறவர் ஸ்கேன் செய்ய வேண்டும். இது தலைகீழாக நடந்தால் மோசடி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பு இன்னொரு வழியும் இருந்தது. ஒருவர் மற்றவரிடம் "இவ்வளவு பணம் கொடு" என்று செல்போனிலேயே கேட்கலாம். மோசக்காரர்கள் அதை "பணம் வருகிறது, சரி என்று அழுத்துங்கள்" என்று மாற்றிச் சொல்லி ஏமாற்றினார்கள். தனி ஆட்களுக்கு இடையே உள்ள அந்த வசதியை நிறுத்திவிடும்படி, தேசிய கொடுப்பனவுக் கழகம் 2025-ம் ஆண்டு ஜூலையில் உத்தரவிட்டது. அக்டோபர் தொடக்கம் அதற்குக் கெடு வைத்தது. நல்ல காரியம். ஒரு கதவை மூடினார்கள். ஆனால் கியூ.ஆர். படம் என்ற கதவு மூடக் கூடியது அல்ல. அதை மூடினால் நாட்டில் வியாபாரமே நின்றுவிடும். அந்தக் கதவுக்கு நாம்தான் காவல்.

வராத பணத்துக்கு வந்ததாகச் செய்தி

எல்லா மோசடியும் தூரத்திலிருந்து நடப்பதில்லை. நேரில் வந்து வண்டியோடு போகிற பேர்வழிகளும் உண்டு.

வாங்க வந்தவர் செல்போனைத் தட்டுகிறார். பச்சை நிறத்தில் "பணம் செலுத்தப்பட்டது" என்று திரையில் வருகிறது. அதை நம்மிடம் காட்டுகிறார். சாவியைக் கேட்கிறார். நாமும் கொடுத்துவிடுகிறோம். அது போலிச் செயலி! பணம் போனதுபோலப் படம் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது.

சில சமயம் நம் செல்போனுக்கே செய்தி வரும். "உங்கள் கணக்கில் 45,000 வரவு வைக்கப்பட்டது" என்று இருக்கும். அனுப்பியது யார் என்று பார்த்தால், பாங்கியின் பெயர் இருக்காது. யாரோ ஒருவரின் பத்து இலக்க நம்பர் இருக்கும்.

ஆகவே அவர் காட்டும் திரையை நம்பக் கூடாது. நமக்கு வரும் குறுஞ்செய்தியையும் நம்பக் கூடாது. நம் பாங்கிக் கணக்கில் மொத்த இருப்பு எவ்வளவு? முன்பு இருந்ததை விட 45 ஆயிரம் கூடியிருக்கிறதா? அது ஒன்றுதான் சாட்சி. செல்போனில் பார்க்கத் தெரியாதவர்கள் பாங்கிக்கே போய்ப் பாஸ் புத்தகத்தில் பதிந்து பார்க்கலாம்.

"சர்வர் மெதுவாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் வந்துவிடும். எனக்கு அவசரம்" என்பார். பத்து நிமிடம் கழித்தே சாவி கொடுப்போம். பணம் வரும் வரை அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். நல்லவராக இருந்தால் காப்பியைக் குடிப்பார். மற்றவர் எழுந்து போய்விடுவார்.

"தவறிப்போய் அதிகம் அனுப்பிவிட்டேன்"

இது இன்னொரு தந்திரம். "முன்பணம் 5 ஆயிரம் அனுப்புவதற்குப் பதில் 50 ஆயிரம் அனுப்பிவிட்டேன். செய்தி வந்திருக்கும் பாருங்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். 45 ஆயிரத்தை உடனே திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவன் அழுவான். செய்தியும் வந்திருக்கும். கணக்கில் மட்டும் பணம் இருக்காது.

நம் மக்கள் இரக்க குணம் உள்ளவர்கள். பிறர் பணம் நமக்கு வேண்டாம் என்று உடனே அனுப்பிவிடுவார்கள். ஏமாந்தது ஆசையால் அல்ல, நேர்மையால்!

இதற்கு ஒரு பதில்தான் உண்டு. "தவறிப்போய் வந்திருந்தால் உங்கள் பாங்கியில் சொல்லுங்கள். பாங்கி மூலமாகவே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். உண்மையில் தவறியவருக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது.

பணம் உண்மையாகவே வந்திருந்தாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். வண்டி வாங்குகிறவர் பெயரும், பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா? எங்கோ இன்னொருவரிடம் திருடிய பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பி, வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எங்கெங்கே போனது என்று போலீசார் தேடுவார்கள். உங்கள் கணக்கு முடக்கப்படும். வண்டியும் இல்லை, பணமும் இல்லை, போலீஸ் விசாரணைதான் மிச்சம்.

"நான் சொல்கிற செயலியைப் போனில் ஏற்றுங்கள், நானே சரி செய்து தருகிறேன்" என்று சொன்னாலும் இணங்கக் கூடாது. நம் போனை எங்கோ இருப்பவர் இயக்கும் செயலிகள் உண்டு. இதைப் பற்றி 2019-ம் ஆண்டிலேயே ரிசர்வ் பாங்கி எச்சரித்திருக்கிறது. ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லக் கூடாது. பாங்கி மானேஜர் கேட்டாலும் சொல்லக் கூடாது. உண்மையான மானேஜர் கேட்க மாட்டார்.

பிறகு எப்படித்தான் பணம் வாங்குவது?

வாசகர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. வழி இருக்கிறது.

மிகவும் நல்ல இடம் பாங்கிதான். வாங்குகிறவரைப் பகல் நேரத்தில் உங்கள் பாங்கிக்கு வரச் சொல்லுங்கள். அவர் ரொக்கம் கொண்டுவந்தால் கவுண்ட்டரிலேயே எண்ணிக் கட்டிவிடலாம். கள்ள நோட்டு இருந்தால் காஷியரே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் 2 லட்சம் ரூபாய், அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் வருமான வரிச் சட்டத்தில் இந்தத் தடை வந்தது.

கார் போன்ற பெரிய தொகைக்குக் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவதே நல்லது. 2 லட்சத்துக்கு மேல் அனுப்ப ஆர்.டி.ஜி.எஸ். என்ற முறை இருக்கிறது. 2020-ம் ஆண்டு டிசம்பர் முதல் அது இரவு பகல் எந்த நேரமும் நடக்கிறது. "இன்று ஞாயிற்றுக்கிழமை, பணம் நாளைக்குத்தான் வரும், வண்டியை இன்றைக்குக் கொடுங்கள்" என்ற சாக்கு இனிச் செல்லாது.

செக் வாங்கினால், அது பாசாகிப் பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவி. செக்கைப் போட்ட ரசீது பணம் ஆகாது. டிராப்ட் கொடுத்தால், அது எந்தப் பாங்கியில் எடுத்ததோ அந்தப் பாங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். டிராப்ட் எடுத்தவர் பெயர் அதன் முகப்பிலேயே இருக்க வேண்டும் என்று 2018-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி முதல் விதி செய்தார்கள். அந்தப் பெயரையும் பாருங்கள். போலி டிராப்ட் அச்சடிக்கிற கில்லாடிகளும் இருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் தனியாக அனுப்பாதீர்கள். லைசென்சைப் படம் எடுத்துக்கொண்டு, நீங்களும் பின்னால் உட்கார்ந்து போங்கள். "ஒரு ரவுண்டு" போனவர் திரும்பி வராத கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

பணம் வந்த பிறகும் கடமை இருக்கிறது

பணம் வந்துவிட்டது, தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் பலர். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும் வரை தொல்லை விடவில்லை.

29-ம் எண் படிவம், 30-ம் எண் படிவம் என்று இரண்டு உண்டு. முதலாவது, வண்டியை விற்றுவிட்டேன் என்று போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு. இரண்டாவது, பெயர் மாற்றம் கேட்கும் மனு. நம் ஊரில் என்ன செய்கிறோம்? ஒன்றும் எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வாங்கியவர் மாற்றுவார் என்று நம்புகிறோம். அவர் மாற்றுவதில்லை. இன்னொருவருக்கு விற்கிறார். அவர் வேறொருவருக்கு விற்கிறார். புத்தகத்தில் நம் பெயர் அப்படியே இருக்கிறது.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி சொன்ன ஒரு தீர்ப்பைக் கேளுங்கள். ஒருவர் 2007-ல் தம் காரை விற்றார். அது பல கை மாறியது. 2009-ல் அந்தக் கார் விபத்துக்கு உள்ளாகியது. காரை விற்று இரண்டு வருஷம் ஆகிறது என்று பழைய சொந்தக்காரர் சொன்னார். கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஸ்கூட்டரை 45 ஆயிரத்துக்கு விற்றுவிட்டு, யாரோ செய்த விபத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட முடியுமா?

ஒரே மாநிலத்துக்குள் விற்றால், 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. படிவத்தில் வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டியை ஒப்படைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

ஏமாந்தவரைத் திட்டலாமா?

மிக முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறோம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் பலர் என்ன செய்கிறார்கள்? வீட்டில் சொல்வதில்லை. மனைவி திட்டுவாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் "இது கூடத் தெரியாதா?" என்பார் என்று மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் போகிறது. இரண்டு நாள் போகிறது. அதற்குள் அந்தப் பணம் நாலு கணக்கு தாண்டி, ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடுகிறது.

முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம். 1930 என்ற நம்பருக்கு உடனே டெலிபோன் செய்ய வேண்டும். இது நாடு முழுவதற்கும் உள்ள நம்பர். நீங்கள் கொடுக்கும் தகவல் அங்கிருந்து பாங்கிகளுக்குப் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்க இணையதளத்திலும் புகார் எழுதலாம். சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு நேரிலும் போகலாம்.

அதோடு உங்கள் பாங்கிக்கும் சொல்ல வேண்டும். 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் பாங்கி விடுத்த சுற்றறிக்கை இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பிறருக்குக் கொடுத்ததால் நஷ்டம் வந்தால், பாங்கிக்குச் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் அவரைச் சேரும். சொன்ன பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கியைச் சேரும் என்பது அதன் சாரம். வாயைத் திறப்பதற்குத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் நம் தலையில் விழும் சுமை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே ஏமாந்தவரை வீட்டில் திட்டாதீர்கள். திட்டுகிற வீட்டில் அடுத்த தடவை உண்மை வெளியே வராது. "பேராசை பெரு நஷ்டம்" என்ற பழமொழியையும் இங்கே சொல்லாதீர்கள். தம் சொந்த வண்டியைத் தாம் சொன்ன விலைக்கு விற்க நினைத்தவருக்கு என்ன பேராசை? அவர் செய்த தவறு நம்பியது. நம்பியவரைக் குற்றவாளியாக்கிவிட்டு, ஏமாற்றியவனைக் கெட்டிக்காரன் என்று பேசுவது நம் ஊரில் உள்ள கெட்ட வழக்கம். அது மாற வேண்டும்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்பதும் பொய். இந்த மோசடி படிப்பைப் பார்ப்பதில்லை. அவசரத்தில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் விழலாம். நின்று யோசிக்கிறவர் எழுத்து இப்போதுதான் கற்றவராக இருந்தாலும் தப்பிப்பார்.

பொறுப்பு யாருக்கு?

எல்லாப் பொறுப்பையும் விற்பவர் தலையில் போடுவது நியாயம் அல்ல என்பது நம் கருத்து.

வண்டி விளம்பரங்களை வைத்துப் பணம் சம்பாதிக்கும் நிறுவனங்கள் உண்டு. விற்பவரின் டெலிபோன் நம்பர் யார் கைக்கெல்லாம் போகிறது என்று அவை கவனிக்க வேண்டும். பல பேர் புகார் சொன்ன நம்பர் மறுநாளும் அதே இடத்தில் வேட்டையாடக் கூடாது.

பணம் அனுப்பும் செயலிகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரகசிய எண்ணைக் கேட்கும் இடத்தில், "உங்கள் பணம் போகப் போகிறது" என்று பெரிய எழுத்தில், அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும். ஓரத்தில் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் எச்சரித்தால் போதாது. பாட்டியும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

பல செயலிகளில் மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதை இன்றே செய்யலாம். அப்பாவின் போனில், அம்மாவின் போனில் தமிழை வைத்துக் கொடுங்கள். 1930 என்ற நம்பரையும் பதிந்து கொடுங்கள். விற்பனை விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

வண்டி விற்பதைத் தனி ஆளின் வேலையாக வைத்துக்கொள்ளாமல் குடும்பக் காரியமாக ஆக்குங்கள். பணப் பேச்சு வரும்போது பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். ஒருவர் மயங்கினாலும் மற்றவர் கேட்பார்: "பணம் நமக்குத்தானே வர வேண்டும்? நீங்கள் ஏன் நம்பர் போடுகிறீர்கள்?"

இந்த ஒரு கேள்வி பல வீடுகளின் பணத்தைக் காப்பாற்றும். கேள்வி கேட்கிறவர் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, போனைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.